பார்த்ததாகச் சொன்ன கை

சிங்காநல்லூர்
21 அக்டோபர் 2024, திங்கள்

ஏனுங்க,

போன் அடித்து அடித்து ஓய்ந்துபோயிருப்பீர்கள். நான்தான் எடுக்கவில்லை. போன் என்றால் நீங்கள் "ம்", "ம்" என்று கொட்டியே தப்பித்துவிடுவீர்கள். முப்பத்திரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். காகிதத்தில் "ம்" கொட்ட முடியாது. அதனால் இனிமேல் எதுவாக இருந்தாலும் எழுதுங்கள்.

நான் நன்றாக இருக்கிறேன். மாவுக்கட்டு இடது கையில்தானே, எழுதுவதற்கும் சாப்பிடுவதற்கும் தடையில்லை. இளவேனில் என்னை அடுப்படிப் பக்கம் விடுவதில்லை. ஆற்றோரம் வழுக்கி விழுந்தேன் என்று மட்டும் அவளிடமும் கதிர் மாப்பிள்ளையிடமும் சொல்லியிருக்கிறேன். உங்களைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனால் உங்களிடம் கேட்காமல் இருக்க முடியாது. ஆயுத பூஜை முடிந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததை எட்டு நாளாகத் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்க்கிறேன். தடுப்பணைக்கு முன்னால், உங்களுக்கு இடது பக்கம், நாணலுக்குள்ளிருந்து காட்டுப்பன்றி வெளியே வந்தது. கூடவே ஐந்து குட்டிகள். பத்தடி தூரம்கூட இருக்காது. நான் உங்கள் கையை அமுக்கினேன். நீங்கள் திருப்பி அமுக்கினீர்கள்.

வாய் திறந்தால் விலங்கு ஓடிவிடும், ஒரு அமுக்கு அமுக்கினால் "அங்கே பார்", திருப்பி அமுக்கினால் "பார்த்தேன்" என்று இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தது நீங்கள்தான். நீங்கள் ரிட்டையர் ஆனதிலிருந்து இரண்டு வருஷமாக அப்படித்தான் ஆழியாற்றங்கரையில் நடக்கிறோம். அன்றைக்கும் பார்த்தேன் என்று அமுக்கிவிட்டு, அந்தப் பன்றியை நோக்கியே ஒரு எட்டு எடுத்து வைத்தீர்கள். குட்டி போட்ட பன்றியை நோக்கி! நான் பிடித்து இழுக்காமல் இருந்திருந்தால்? இழுத்த வேகத்தில் வழுக்கி விழுந்து, இழுத்த கைதான் உடைந்தது, போகட்டும், எலும்பு கூடிவிடும்.

நீங்கள் அதைப் பார்க்கவில்லை. பார்க்காமலே பார்த்தேன் என்றீர்கள். ஏன்?

வண்டிச் சாவியை நான்தான் எடுத்து வந்திருக்கிறேன். தேட வேண்டாம்.

சென்னியம்மாள்

*

ஆனைமலை
25 அக்டோபர் 2024

அம்மணிக்கு,

உன் கடிதத்தைக் கொடுத்த தபால்காரர், "ஏனுங்க லைன்மேன், பேங்க்கு நோட்டீஸ் இல்லாம கையில எழுதின கடுதாசி வந்திருக்குதுங்க, யாருங்க?" என்று கேட்டார். "எம்பட ஊட்டுக்காரி" என்றேன். ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நீ கேட்டதற்குப் பதில் ரொம்பச் சின்னது. அன்றைக்குப் பனி. நாணலும் சாம்பல் நிறம், பன்றியும் சாம்பல் நிறம். பார்த்தேன், ஆனால் இன்னும் தள்ளி நிற்கிறது என்று கணக்குப் போட்டுவிட்டேன். அவ்வளவுதான். இதற்குப்போய் வண்டிச் சாவியைத் தூக்கிக்கொண்டு போவார்களா? மாசாணியம்மன் கோயில் பக்கம் போக வேண்டுமென்றாலும் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறேன்.

என் கண்ணுக்கு ஒன்றும் இல்லை. தினமும் பேப்பரை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன். நேற்று சட்டைக்குப் பொத்தான் தைக்க ஊசியில் நூல் கோத்தேன், ஒரே தடவையில். கம்பத்தின் உச்சியில் நின்றுகொண்டு மூன்றாவது தோப்பில் கம்பி அறுந்து கிடப்பதைச் சொன்ன ஆள் நான். மறந்துவிட்டாயா?

சாப்பாட்டுக்குக் குறையில்லை. மூன்று வேளையும் அரிசிம்பருப்புச் சாதம்தான். காலையில் தவறாமல் நடக்கப் போகிறேன். நேற்றுத் தடுப்பணைக்குக் கீழே ஐந்து புள்ளிமான் தண்ணீர் குடித்தன. நீ இல்லையே என்று இருந்தது.

தீபாவளிக்கு வருகிறேன். பஸ்ஸில்தான்.

மாரப்பன்

*

சிங்காநல்லூர்
2 நவம்பர் 2024

ஏனுங்க,

நீங்கள் வந்தது எல்லோருக்கும் சந்தோஷம். மாப்பிள்ளைக்கு எடுத்த சட்டை கச்சிதமாக இருக்கிறது. வந்தவர் ஒரு ராத்திரி தங்கியிருக்கலாம். பொழுது சாயும் முன்பே பஸ் ஏற வேண்டும் என்று ஏன் அவ்வளவு அவசரம் என்று இளவேனில் கேட்டாள். எனக்குத் தெரியும். இருட்டினால் உங்களுக்கு நடக்கப் பயம்.

நாள் முழுக்க நான் உங்களையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இலைக்கு இடது பக்கம் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டீர்கள். சரி, யாருக்கும் நடக்கிறதுதான். கை கழுவப் போகும்போது கதவு நிலையில் இடது தோள் இடித்தது. கதிர் பக்கவாட்டில் நின்றுகொண்டு பலகாரத் தட்டை நீட்டினார். நீங்கள் நேரே டிவியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். பாவம், அந்த மனிதர் மாமனாருக்குக் கோபம் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வந்து, "அத்தை, மாமாவுக்கு எம்மேல ஏதாச்சும் வருத்தமுங்களா?" என்று கேட்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள்.

எனக்கு இப்போது கோபம் இல்லை. கோபமாக இருந்தபோது நன்றாகத் தூங்கினேன். இப்போது தூக்கம் வரவில்லை. போன மாசம் அந்த வண்டியில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு பொள்ளாச்சி வரைக்கும் போய் வந்தீர்கள். லாரிகளுக்கு நடுவில்.

நேர் கேள்வி கேட்கிறேன், நேர் பதில் எழுதுங்கள். புரட்டாசியில் நீர்நாய்க் குடும்பம் நீந்திப் போனதே, அதைப் பார்த்தீர்களா? மருத மரத்தில் மலை அணில்? பாலத்தடியில் மரநாய்? நடை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து, "ஆமா அம்மணி, என்னமா நீந்துது" என்றீர்களே, அது என்ன?

சென்னி

*

ஆனைமலை
6 நவம்பர் 2024

அம்மணி,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இது நாலாவது.

நீர்நாயைப் பார்க்கவில்லை. மலை அணிலைப் பார்க்கவில்லை. மரநாய் வால் மட்டும் தெரிந்தது, அதுவும் அது நேர் எதிரே தாண்டியதால். ஐந்து புள்ளிமான் என்று எழுதினேனே, அதுவும் பொய். ஒரு மணி நேரம் நின்று ஒரு நாரையைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

முதல் தடவை வேண்டுமென்று செய்யவில்லை. போன வருஷம் ஐப்பசியில் நீ கையை அமுக்கினாய், நான் திரும்பினேன், தண்ணீரில் வட்டம்தான் இருந்தது. தவறவிட்டுவிட்டேன் என்று நினைத்தேன். உன் முகத்தைப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க மனசு வராமல் அமுக்கிவிட்டேன். அப்புறம் அடுத்த வாரம் ஒன்று. அதற்கு அடுத்து ஒன்று. டீக்கடையில் உன்னை முதலில் பேசவிட்டுவிடுவேன். நீ சொல்லி முடித்த பிறகு அதிலிருந்தே ஒரு வார்த்தை எடுத்து நானும் சொல்வேன். அதில் கெட்டிக்காரன் ஆகிவிட்டேன்.

கண்ணுக்கு நேரே இருப்பது இன்றைக்கும் தெளிவாகத் தெரிகிறது. ஊசியில் நூல் கோத்தது உண்மை. ஓரங்கள்தான் இல்லை. இருட்டாகவும் இல்லை, மங்கலாகவும் இல்லை, சும்மா அங்கே ஒன்றும் இல்லை. எப்போது போனது என்றுகூட எனக்குத் தெரியாது.

எங்கள் அண்ணனை உனக்கு ஞாபகம் இருக்கும். அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வரப்பில் நடந்துபோகிறவர் திடீர் திடீரென்று வாய்க்காலில் இறங்கிவிடுவார். குடிக்கிறார் என்று ஊர் பேசியது. கடைசி ஆறு வருஷம் கட்டிலில்தான். யாராவது உள்ளே வந்தால், "யாரது?" என்று கேட்பார். நான் போனாலும் கேட்பார். எனக்கு அதைக் கேட்கப் பொறுக்காமல் அந்த வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன். டாக்டரிடம் போனால் அந்தக் கட்டிலை எனக்கும் போட்டுவிடுவார்கள் என்று பயம். வேறு ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் இருக்கிறது. எழுத வெட்கமாக இருக்கிறது. கல்யாணம் ஆன நாளிலிருந்து நானும் நீயும் கையைப் பிடித்துக்கொண்டு நடந்ததே கிடையாது. நம் ஊரில் அப்படி நடந்தால் சின்னப் பையன்கள்கூடச் சிரிப்பார்கள். ரிட்டையர் ஆகி, விலங்கு பார்க்கிறோம் என்று ஒரு சாக்கு கிடைத்த பிறகுதான் அது நடந்தது. கண் தெரியவில்லை என்று சொன்னால் நடை நின்றுவிடும். நடை நின்றால் அதுவும் நின்றுவிடும்.

அதனால்தான் பொய் சொன்னேன். ஆஸ்பத்திரிக்கு மட்டும் கூப்பிடாதே. போனது போகட்டும், இருப்பதை வைத்துக்கொண்டு காலம் தள்ளிக்கொள்கிறேன்.

மாரப்பன்

*

சிங்காநல்லூர்
9 நவம்பர் 2024

ஏனுங்க,

உங்கள் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். அழுதேன். அதைப் பற்றி இப்போது எழுதமாட்டேன், வேறு ஒன்று அவசரம்.

மாடி வீட்டு நஸ்ரியா கண் ஆஸ்பத்திரியில் நர்சாக வேலை செய்கிறாள். பெயர் சொல்லாமல் கேட்டேன். ஓரம் தெரியாமல் போவது, அண்ணனுக்கும் வந்திருப்பது என்று சொன்னதும் அவள், "ஆன்ட்டி, இது ரத்தத்துல வர்றதுங்க. கூடப் பொறந்தவங்க, பெத்த புள்ளைங்க எல்லாரும் பாத்துக்கோணுங்க. போன பார்வை திரும்பாது. ஆனா மருந்து ஊத்துனா மிச்சத்தைக் காப்பாத்தலாமுங்க" என்றாள்.

பெற்ற பிள்ளைகள் என்றாள். நமக்கு இருப்பது ஒன்றே ஒன்று.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை, இளவேனிலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் உங்கள் மகள் அல்லவா, அதே பிடிவாதம். "அப்பா போனாத்தான் நானும் போவேன். அவரு போகலீன்னா எனக்கும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். நான் கெஞ்சிப் பார்த்துவிட்டேன்.

உங்களுக்காகப் போக வேண்டாம். எனக்காகவும் போக வேண்டாம். பொள்ளாச்சியிலேயே பார்க்கிறார்களாம். என்றைக்குப் போகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள், அன்றைக்கே இவளை இங்கே அழைத்துக்கொண்டு போகிறேன்.

சென்னி

*

ஆனைமலை
15 நவம்பர் 2024

அம்மணி,

எழுதிக்கொண்டிருந்தால் நாள் தள்ளிப்போகும் என்றுதான் செவ்வாய்க்கிழமை இளவேனிலுக்கு நேராகப் போன் பண்ணி, "நாளைக்குப் போறேன் கண்ணு, நீயும் போயிரு" என்று சொன்னேன். "செரிங்கப்பா" என்றாள். அந்தக் குரல் சரியில்லை. என்னால் ஒரு பிள்ளை பயந்துகொண்டிருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். நான் அதற்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்திருக்கிறேன்.

அங்கே நடந்ததை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கண்ணைக் கட்டிவிட்டு, வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். கையில் ஒரு பட்டன். நடுவில் இருக்கிற புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், எந்தப் பக்கத்திலாவது சின்ன வெளிச்சம் வந்தால் பட்டனை அமுக்க வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

நான் அமுக்கினேன். நிறைய அமுக்கினேன். கொஞ்ச நேரம் கழித்து மெஷின்காரப் பெண், பிரத்யுஷா என்று பெயர், நிறுத்திவிட்டு, "ஏனுங்கய்யா, வெளிச்சம் வராதப்பவே அமுக்கறீங்களே?" என்றாள். "வந்த மாதிரி இருந்துச்சு அம்மணி" என்றேன். "இல்லீங்கய்யா. மெஷின் சொல்லிப்போடும். தெரிஞ்சா அமுக்குங்க, தெரியலீன்னா சும்மா இருங்க. தெரியலீங்கறது தப்பில்லீங்க" என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து வைத்தாள். இந்தத் தடவை தெரிந்ததற்கு மட்டும் அமுக்கினேன். மெஷின் டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருக்கிறது, எங்கேயோ வெளிச்சம் வந்துகொண்டே இருக்கிறது, எனக்கு ஒன்றும் இல்லை. கட்டைவிரல் சும்மா இருக்கிறது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. ஒரு வருஷமாக நான் பார்க்காமல் விட்டது எல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள் போய்க்கொண்டிருக்கிற மாதிரி இருந்தது. முடிந்து முகத்தை எடுத்தபோது தாடை வைக்கிற இடம் ஈரமாக இருந்தது. அந்தப் பெண்ணே துடைத்துவிட்டாள்.

இடது கண்ணில் பாதிக்கு மேல் போய்விட்டது. வலது கண்ணில் ஓரம் மட்டும். குளுக்கோமா என்று பெயர். காலையும் ராத்திரியும் சொட்டு மருந்து, ஆயுசுக்கும். ஒரு நாள்கூட விடக் கூடாது. விடாமல் போட்டால் இருப்பது இருக்கும் என்று டாக்டர் சொன்னார். "கட்டிலா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "நடக்கலாமுங்களா?" என்று மாற்றிக் கேட்டேன். "தாராளமா நடங்க. வண்டி மட்டும் ஓட்டாதீங்க" என்றார்.

சாவியை நீயே வைத்துக்கொள். வண்டியை மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிடலாம்.

இளவேனிலுக்கு என்ன சொன்னார்கள்? அவளுக்குப் போன் போட்டால் அடிக்கிறது, எடுக்கவில்லை. உடனே எழுது. இல்லை, போன் பண்ணு. இந்த ஒன்றுக்கு மட்டும் போன் பண்ணு.

மாரப்பன்

*

சிங்காநல்லூர்
18 நவம்பர் 2024

ஏனுங்க,

கடிதம் கிடைத்த நிமிஷமே போனில் சொல்லிவிட்டேன் என்றாலும் எழுத்திலும் இருக்கட்டும். இளவேனிலுக்கு ஒன்றும் இல்லை. சுத்தமாக இருக்கிறது. வருஷம் ஒரு தடவை வந்து காட்டினால் போதும் என்றார்கள். உங்கள் போனை எடுக்காததற்குக் காரணம், உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்று பயந்தாளாம். அவள் அழுதால் நீங்களும் அழுவீர்களாம். அப்பாவும் மகளும் நல்ல ஜோடி.

இப்போது நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உங்கள் கடிதத்தில் கையைப் பிடிக்க விலங்கு பார்ப்பது ஒரு சாக்கு என்று எழுதியிருந்தீர்களே, அன்றைக்கே இதை எழுதியிருக்க வேண்டும். என்னால் முடியவில்லை.

அந்த மெஷின் கண்டுபிடித்ததை நான் ஆடி மாசமே கண்டுபிடித்திருக்க வேண்டும். ஆடி பதினெட்டுக்கு மறுநாள், ஆற்றில் புதுத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஒரு விலங்கும் இல்லை, ஒரு பறவைகூட இல்லை. நீங்கள் ஏதோ யோசனையில் நடந்துகொண்டிருந்தீர்கள். எனக்கு என்னவோ உங்கள் கையை அமுக்க வேண்டும் போல இருந்தது. அமுக்கினேன். அங்கே ஒன்றுமே இல்லை. நீங்கள் நேரே பார்த்தபடியே திருப்பி அமுக்கினீர்கள்.

எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? இந்த மனுஷனுக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்தே பதில் சொல்கிறார் என்று நினைத்தேன். முப்பத்திரண்டு வருஷத்தில் என்னிடம் ஒரு நல்ல வார்த்தை பேசத் தெரியாதவர் கையால் பேசுகிறார் என்று நினைத்தேன். அதற்கப்புறம் எத்தனையோ தடவை அப்படிச் செய்தேன். வெறும் மரத்துக்கு, வெறும் தண்ணீருக்கு. ஒரு தடவைகூட நீங்கள் பதில் சொல்லாமல் இருந்ததில்லை. டீக்கடையில் அதைப் பற்றி நானும் பேசமாட்டேன், நீங்களும் கேட்கமாட்டீர்கள். அது நமக்குள் ஒரு ரகசியம் என்று நான் பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்தேன்.

அன்றைக்கு அந்தப் பன்றியை நோக்கி நீங்கள் எட்டு வைத்தபோதுதான் எல்லாம் விளங்கியது. நீங்கள் எனக்குப் பதில் சொல்லவில்லை. இல்லாத விலங்கைப் பார்த்ததாகப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். கை வலியைவிட எனக்கு அதுதான் வலித்தது. அதனால்தான் போனை எடுக்கவில்லை. ஐம்பத்தாறு வயசில் இதை மகளிடம் சொல்ல முடியுமா?

வெள்ளிக்கிழமை மாவுக்கட்டைப் பிரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பத்தரைக்கு ஆனைமலை வந்துவிடுவேன். கதிர் கொண்டுவந்து விடுகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். வரச்சொல்லி நீங்கள் எழுதவில்லை. இருந்தாலும் வருகிறேன்.

சென்னி

*

ஆனைமலை
20 நவம்பர் 2024

அம்மணி,

இது உனக்குச் சனிக்கிழமைக்குள் கிடைக்க வேண்டும் என்று தபாலாபீசுக்கே போய்ப் போட்டேன்.

ஆடிப் பதினெட்டுக்கு மறுநாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. என் கண்ணில் படாமல் ஏதோ விலங்கு தாண்டிப் போய்விட்டது, இன்னும் ஒன்று போய்விட்டது என்று உள்ளுக்குள் இடிந்துபோய் நடந்துகொண்டிருந்தேன். அங்கே ஒன்றும் இல்லை என்கிறாய். அப்படியானால் நான் தவறவிட்டது குறைந்துபோகிறது. எத்தனை தடவை என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். பொய்தான் சொன்னேன், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பொய்யை உன் கைக்காகத்தான் சொன்னேன். நீ எதற்காக அமுக்கினாயோ நானும் அதற்காகத்தான் அமுக்கினேன். அங்கே விலங்கு இல்லை என்று மட்டும் தெரிந்திருந்தால் உன் கையை அவ்வளவு சீக்கிரம் விட்டிருக்கமாட்டேன். இதைப் போனில் கேட்டிருந்தால் "ம்" என்றுதான் சொல்லியிருப்பேன், நீ கடிதம் எழுதச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

வரச்சொல்லி எழுதவில்லை என்கிறாய். உன் வீட்டுக்கு உன்னை வா என்று நான் யார் சொல்வதற்கு? இருந்தாலும் எழுதுகிறேன். வா.

இந்தத் தடவை வாயைத் திறந்து பேசிக்கொண்டே நடக்கலாம். விலங்குகள் ஓடினால் ஓடட்டும். எந்தப் பக்கம் எது நிற்கிறது என்று நீ சொல்லு. தெரிந்தால் தெரிகிறது என்பேன், தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்பேன், எப்படி இருக்கிறது என்று உன்னிடம் கேட்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒன்பதரைக்கே பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்பேன். அன்றைக்குச் சந்தைக் கூட்டம் இருக்கும். இறங்கியதும் பக்கவாட்டில் வந்து தோளைத் தொடாதே, இடது பக்கம் யார் வந்தாலும் இப்போது திடுக்கென்று ஆகிவிடுகிறது. நீ தூரத்தில் நின்று கை ஆட்டினாலும் எனக்குத் தெரியாமல் போகலாம். கோபித்துக்கொள்ளாதே.

நேர் எதிரில் வந்து நில்லு. அங்கே எனக்கு இன்னும் எல்லாம் தெரிகிறது.

மாரப்பன்